லூசியா காவல் காத்த பூக்கள்

பட்டை திருடினாளாம், துரை பிடித்துத் துரத்தினாராம்! யேசுரத்தினம் கடைத்தெருவில் நின்று இப்படிச் சொல்லித் திரிகிறான். அவனுக்கு என்ன தெரியும்? அப்போது அவன் பிறக்கவே இல்லை. லூசியா என் வீட்டுக்காரரின் தங்கை. தோட்டக் கூலிகளின் லயத்தில் ஒரே அறையில் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் நாங்கள். யாரும் அவளைத் துரத்தவில்லை. அவளாகத்தான் போனாள். ஏன் போனாள் என்பது எனக்குத் தெரியும்.

ஹல்துமுல்லைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் அந்நாளில் தேயிலை குறைவு, சிங்கோனா மரந்தான் அதிகம். அதன் பட்டையை உரித்துக் காய்ச்சல் மருந்துக்காகக் கப்பலில் அனுப்புவார்கள். அந்தப் பூவை ஆராய ஒரு வெள்ளைக்காரர் வந்து தங்கினார். பூத்துரை என்று பெயர் வைத்தோம். அவருக்கு உதவியாள் லூசியா. சில மரத்துப் பூவில் நடுத்தண்டு வெளியே எட்டிப் பார்க்கும், சில மரத்தில் உள்ளேயே ஒளிந்திருக்கும். ஒன்றின் பூந்தூளை மற்றதற்குத் தேனீ சுமந்தால்தான் காய் பிடிக்கும், அதற்காகவே பூக்கள் காலங்காலமாக உரு மாறி வந்திருக்கின்றன என்பது துரையின் எண்ணம். அதைச் சோதிக்கப் பன்னிரண்டு கொத்துகளை மொட்டிலேயே மெல்லிய துணிப்பையால் மூடினார்கள். பூச்சி நுழையாமல், கை படாமல் காப்பது லூசியாவின் பொறுப்பு.

லயத்தில் வேறு பேச்சு. "மரத்துக்கு மரம் வெள்ளத் துணியில மூட்ட கட்டித் தொங்க விடுறா. சூனியம் இல்லாம வேற என்னடி?"

முதலில் நான் சிரித்தேன். என் மகனுக்குக் காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் கண் செருகியதும் சிரிப்பு நின்றது. நடுப்பகலில் லூசியா சாப்பிட வந்த நேரம் பார்த்து மலை ஏறினேன். ஒரு பையை அவிழ்த்து, மந்திரத் தகடு இருக்கிறதா என்று கிளறினேன். பூதான் இருந்தது. தேனீக்கள் வந்து அதில் உட்கார்ந்தன. அவசரமாகத் திரும்பக் கட்டிவிட்டு ஓடிவந்தேன். பிள்ளை பிழைத்தான். நான் வாய் திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் துரை பைகளைப் பிரித்தார். நான் பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். பதினொன்றில் ஒன்றுமில்லை. கடைசிப் பையில் மட்டும் பச்சைக் காய்கள். துரையின் முகம் வெளுத்தது.

"லூசியா, இந்தப் பை யாரும் திறந்ததா?"

இல்லை என்றால் அவள் வேலை தங்கும், துரையின் இத்தனை வருட உழைப்பு பொய்யாகும். அவள் கயிற்றை ஒரு தடவை பார்த்தாள். இரண்டு சுற்று, உள்ளே ஒரு சொருகல்.

"தொறந்திருக்காங்க, தொரை. இது என் முடிச்சு இல்ல. இந்தக் காயச் சேத்து எழுதாதீங்க."

"யாரு?"

"அது மட்டும் கேக்காதீங்க."

துரை தாளில் அந்தப் பையின் கணக்கின் மேல் ஒரு கோடு கிழித்தார். பக்கத்தில் நின்ற கங்காணி விடவில்லை.

"நாளக்கிக் காலையில பெரட்டுல ஆள் எண்ணுறப்ப எல்லாரு முன்னாலயும் பேரச் சொல்லு. அந்தக் குடும்பத்தத் தோட்டத்த விட்டே வெரட்டுறேன். சொல்லலன்னா நீ போ."

மறுநாள் விடிந்தது. பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் தப்பு மேளச் சத்தம் கேட்டது. லூசியா தன் சேலைகளைத் துப்பட்டியில் வைத்து, "இறுக்கிக் கட்டுங்க அண்ணி" என்றாள். கட்டினேன். கை தனக்குத் தெரிந்த முடிச்சைத்தான் போட்டது. இரண்டு சுற்று, உள்ளே ஒரு சொருகல். அவள் அதைப் பார்த்தாள்.

"லூசியா, நாந்தான்..."

"கஞ்சி பொங்குது, போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். பொங்கவில்லை. திரும்புவதற்குள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள்.