பெரியப்பாவுக்குச் சின்ன ஏபிசிடி

ஆங்கிலத்தில் பெரிய எழுத்து என்பது மரியாதைக்காகப் போடுவது என்று பத்து வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். தமிழில் பெரியவர்களுக்கு 'வாங்க', சின்னவர்களுக்கு 'வா'. வெள்ளைக்காரனுக்குப் பாவம், 'ங்க' போடத் தெரியாது. அதனால் எழுத்தைப் பெரிதாக்கி மரியாதை காட்டுகிறான் என்று நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

ஆதாரம் இல்லாமல் இல்லை. "சாமின்னா பெரிய ஜி போடணும்டா" என்று சார் சொல்லியிருந்தார். விழுப்புரம் ஸ்டேஷன் பலகையில் ஓர் எழுத்து விடாமல் எல்லாமே பெரிது. ஜங்ஷன் அல்லவா, அந்த மரியாதை. 'நான்' என்பதற்கான ஐ எங்கே வந்தாலும் பெரிது, 'நீ'க்கு மட்டும் சின்ன எழுத்து போதும் என்று கேட்டபோது, இவர்கள் எப்படி நம்மை அத்தனை காலம் ஆண்டார்கள் என்பதும் விளங்கிவிட்டது. நாலு கோடு நோட்டில் பெரிய ஏபிசிடி மேல்கோடு வரை நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். சின்ன ஏபிசிடியில் முக்கால்வாசி நடுக்கட்டத்தில் குந்திக்கொண்டிருக்கும். இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இன்றும் மேலதிகாரிக்கு மெயில் அனுப்பும்போது அவர் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்துவிடுகிறேன். "ஏன் சார் கத்துறீங்க?" என்று பதில் வருகிறது. ரத்தத்தில் ஊறியது, என்ன செய்ய?

அக்காவுக்குத் திண்டிவனத்தில் மாப்பிள்ளை அமைந்தார். ஆபீஸ் உத்தியோகம். அவர்கள் வீட்டுப் பத்திரிகைக் கவர்களில் ஆங்கிலத்தில் விலாசம் எழுதியிருந்தார்கள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"நாம மட்டும் இன்னா கொறச்சல்? நம்ம வூட்லயும் இங்கிலீஷ் படிக்கிறவன் கீறான்" என்று சொல்லி, கவர்களைக் கட்டாக என் முன்னால் வைத்தார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆங்கிலம் தெரியாது. அதாவது எங்கள் சொந்தபந்தம் அத்தனை பேரின் மரியாதையும் ஒரு பிற்பகல் முழுக்க என் பேனா முனையில் இருந்தது.

அப்பா பெயர்களைச் சொல்லச் சொல்ல நான் அளந்து பரிமாறினேன். முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. முழுக்கப் பெரிய எழுத்து. சம்பந்தி வீட்டாருக்கும் அப்படியே. சாதாரண உறவுகளுக்கு முதல் எழுத்து மட்டும் பெரிது. கடைசியாக அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தாளுக்கும் ஒண்ணு எழுது" என்றார்.

அந்தாள் என்றால் பெரியப்பா, அப்பாவின் ஒரே அண்ணன். பொதுக்கிணற்றில் யார் முறைக்கு யார் மோட்டார் போட்டார்கள் என்பதில் நாலு வருடத்துக்கு முன் இருவருக்கும் தகராறு. பெரியப்பா திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம், பெரியம்மாவின் ஊரில் இருந்த சவுக்குத் தோப்புக்கே போய்விட்டார். அன்றுமுதல் எங்கள் வீட்டில் அவர் பெயர் 'அந்தாளு'. மழை பொய்த்த வருடங்களில் 'அவன்'.

நான் சொன்ன சொல் தட்டாத பிள்ளை. அப்பா கொடுத்த மரியாதைக்கு மேல் நான் கொடுக்க முடியுமா? பெரியப்பாவின் பெயரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை சின்ன ஏபிசிடியில் எழுதினேன். இனிஷியலைக்கூட விடவில்லை.

மறுநாள் காலை பத்திரிகை வைக்க விழுப்புரத்தில் பஸ் ஏறினோம். அப்பா, அம்மா, நடுவில் நான். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மாப்ள வூட்ல ரெண்டு தபா கேட்டுட்டாங்க, பெரியவரு வருவாரான்னு. அவரு வந்து தட்டு மாத்தினாத்தான் நமக்கு மரியாதை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்று வரை அந்தாளு, இன்று அவரு! இதை நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா?

"வருவாருங்க" என்றாள் அம்மா.

"உனக்குத் தெரியாது. எங்கண்ணன் மரியாத பாக்கற ஆளு. பத்திரிகையில பேரு மூணாவதா போட்டுட்டாங்கன்னு சாப்பிடாம எழுந்து வந்தவரு. ஒரு எழுத்து முன்ன பின்ன இருந்தாலும் மூஞ்சியில வீசி அடிப்பாரு. அப்புறம் பொண்ணுக்குத்தான் பேஜாரு."

ஒரு எழுத்தா? நான் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லையே! போதாக்குறைக்குப் பெரியப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். ஓடுகிற ரயிலில் இருந்தே ஸ்டேஷன் பெயரைப் படித்துவிடுவார். அவருக்கு ஆங்கிலம் அத்துப்படி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அக்காவின் கல்யாணம் நின்றுபோவதும், அக்கா என்னை நிரந்தரமாக முறைப்பதும் கண்முன்னே ஓடின. விக்கிரவாண்டி தாண்டும்போது ஒரு வழி கண்ணில் பட்டது.

அம்மா கண்ணயர்ந்தாள். அவள் பையில் மஞ்சள் டப்பா இருந்தது. எந்தப் பத்திரிகையானாலும் கொடுக்குமுன் நாலு மூலையிலும் அவள் மஞ்சள் தடவுவது வழக்கம். தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். பெரியப்பாவின் கவரை எடுத்தேன். மூலையில் ஆரம்பித்தேன், பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அதன்பின் கவர், என் கால்சட்டை, முன்சீட்டுக்காரரின் துண்டு எல்லாம் மங்களகரமாகிவிட்டன. ஆனால் விலாசம் மறைந்துவிட்டது.

பெரியப்பா வீட்டு வாசலில் கால் வைத்ததும் முதலில் கண்ணில் பட்டவை கழிகள். தோல் சீவிய பச்சைச் சவுக்குக் கழிகள், சுவர் நெடுக, ஒரு முப்பது நாற்பது சாத்தியிருந்தன. எங்கள் மூவருக்கு இத்தனை எதற்கு என்றுதான் தோன்றியது.

"வாங்க" என்றார் பெரியப்பா. அப்பாவையும் அந்த 'ங்க'விலேயே சேர்த்துவிட்டார். அப்பா உட்காரவில்லை. அம்மா தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக் கவரை எடுத்தாள். எடுத்தவள் அதைப் பார்த்தாள், பிறகு என் கால்சட்டையைப் பார்த்தாள். கவரைத் தட்டில் வைத்து நீட்டினாள்.

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கவருக்கே நலங்கு வச்சிக்கினு வந்துட்டீங்க? பொண்ணுக்கு மஞ்சள் மிச்சம் கீதா?"

எனக்கு உயிர் வந்தது. அது அரை நிமிடம்தான் தங்கியது. பெரியப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். நேரே சுவரோரம் போனார். கழி ஒன்றை உருவி எடுத்து, அப்பாவின் எதிரே ஊன்றி நின்றார்.

"இது போதுமாடா?"

அப்பா அந்தக் கழியை உச்சி வரை பார்த்தார். "போதும்ணே" என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்பாவே அழுதுவிட்டார் என்றால் நான் எம்மாத்திரம்? "பெரியப்பா, வுட்டுடுங்க பெரியப்பா! சின்ன ஏபிசிடியில எழுதினது நான்தான்! அப்பா உங்கள அந்தாளுன்னு சொன்னாரு, அதான்!" என்று ஊரைக் கூட்டினேன்.

ஏபிசிடி யாருக்கும் புரியவில்லை. 'அந்தாளு' எல்லோருக்கும் புரிந்தது. அப்பா தரையைப் பார்த்தார். பெரியப்பா அப்பாவைப் பார்த்தார்.

"அந்தாளா? அவ்ளோ மரியாதையா சொன்னான் உங்கப்பன்?" பெரியப்பா சிரித்தே விட்டார். "நான் அவன இன்னா இன்னான்னு சொல்லிக்கினு இருந்தேன்னு உங்க பெரியம்மாவ கேளு."

"புள்ள முன்னாடி அதெல்லாம் வேணாம்" என்று உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "ஜல்தியா கைய கழுவிக்கினு வாங்க, எல வச்சாச்சு."

சாப்பிட்டோம். நான் பெரியப்பாவிடமிருந்து நாலு இலை தள்ளி, வாசலுக்குக் கிட்டே உட்கார்ந்துகொண்டேன். அப்பாவை ஏன் அடிக்கவில்லை என்பது திரும்பி வரும் பஸ்ஸிலும் எனக்குப் புரியவில்லை. நான் அழுததில் பெரியப்பா மனம் மாறிவிட்டார், கல்யாணத்தைக் காப்பாற்றியதே நான்தான் என்று அக்காவிடம் சொல்லி, வெகுகாலம் பெருமையடித்துக்கொண்டேன்.

பெரியப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஸ்டேஷன் பெயரை அவர் படித்ததெல்லாம் பலகையின் தமிழ் வரியில். கவரை அவர் பிரிக்கவும் இல்லை. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு மாட்டுவண்டியில் வந்து இறங்கிய அந்தக் கழிகள்தான் எங்கள் வாசலில் பந்தலாக நின்றன. அக்காவுக்கு மாப்பிள்ளை அமைந்த சேதி யார் வழியாகவோ காதுக்கு எட்டிய மறுநாளே அவர் அவற்றை வெட்டிவிட்டார். அப்போது பத்திரிகை அச்சுக்கே போகவில்லை.