கழிப்பறைக்கு வந்த நிதி

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். தறி ஓட்டுகிறவர்கள், கூலிக்குக் களையெடுக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் அங்கே படித்தார்கள். அரசாங்கம் உதவித்தொகை கொடுத்தது. புதிதாக ஒரு வகுப்பறையும் கட்டித் தந்தது. பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை மட்டும் இல்லை.

தலைமையாசிரியையும் நானும் எதிர்ச் சந்தில் இருந்த ஒரு தறிக்காரர் வீட்டுக்குப் போவோம். அந்த வீட்டு அக்கா எங்களுக்காக வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார். அத்தனை பெண்பிள்ளைகளும் அங்கே போக முடியுமா?

ஒருநாள் காலை வழிபாட்டில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். குருவிகுளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், கணக்கில் கெட்டி. முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினோம்.

“தண்ணி குடிச்சா வெளிய போகணும்லா டீச்சர். அதான் குடிக்கல” என்றாள்.

தினமும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அதற்கு முந்தின வாரம்தான் அவர்களுக்குப் பாடம் நடத்தியிருந்தேன். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அடுத்த மாதமே அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

நிதி கேட்டு விண்ணப்பம் எழுதினோம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் தலைமையாசிரியை சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். “இன்னொரு ‘பணிவுடன்’ சேர்த்துக்கிடுங்க டீச்சர்” என்பார். முதல் தடவை வரைபடம் இல்லையென்று திரும்பி வந்தது. வரைபடத்தோடு அனுப்பினால், அந்த வருஷத்து ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

அப்புறம் ஆண்டாய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். பெண் அதிகாரி. திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர் நேராகப் பதிவேடுகளோடு உட்கார்ந்தார். மதியம் ஆனபோது தலைமையாசிரியையின் காதருகே மெல்ல ஏதோ கேட்டார்.

“வாங்க மேடம், பக்கத்துலதான்” என்று தலைமையாசிரியை குடையை விரித்தார்.

நானும் பின்னாலேயே போனேன். வெயிலில் எதிர்ச் சந்துக்குள் போய், தறிகளின் இரைச்சலுக்கு நடுவே நுழைந்தோம். “இங்கன வழுக்கும், பாத்து வாங்கம்மா” என்று அக்கா அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார். தறியில் நின்ற ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

திரும்பி வரும்போது அதிகாரி கேட்டார்: “பிள்ளைங்க எங்க போவாங்க?”

“அதுக எங்கயும் போறதில்ல மேடம். காலையிலருந்து தண்ணி குடிக்காம இருக்குதுக. ஒருத்தி காலை வழிபாட்டுல மயங்கியே விழுந்துட்டா.”

அறைக்கு வந்ததும் அதிகாரி பழைய விண்ணப்பங்களை வாங்கி, நின்றபடியே படித்தார். பிறகு என்னைப் பார்த்து, “இவ்வளவு பணிவு வேண்டாம். அந்தப் பொண்ணு மயங்கி விழுந்ததை எழுதுங்க, போதும்” என்றார். அங்கேயே எழுதிக் கொடுத்தேன். மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எல்லாம் திட்டம் போட்டுத்தான் செய்தீர்களா என்று தலைமையாசிரியையிடம் பிறகு கேட்டேன். “அவங்க கேட்டாங்க, கூட்டிட்டுப் போனேன். வேற என்ன செய்ய?” என்றார். சிரிப்பை அடக்கியதில் மூக்குக்கண்ணாடி நழுவியது.

ஆணை வந்தது. பள்ளியின் பின்பக்கம் நான்கு கழிப்பறைகளும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் எழும்பின. வேலை முடிந்த வாரம் ஞாயிற்றுக்கிழமையே தலைமையாசிரியையும் நானும் பஸ் ஏறி, மயங்கி விழுந்த அந்தப் பெண்ணின் ஊருக்குப் போனோம்.

“களைக்குக் கூட்டிட்டுப் போறேன் டீச்சரம்மா. இனிம எங்க படிக்கப் போறா?” என்றாள் அவள் அம்மா.

பெண் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உள்பக்கம் தாப்பா இருக்கா டீச்சர்?”

“இருக்கு.”

“தண்ணி?”

“தொட்டி நெறைய இருக்கு.”

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். “போயேன்” என்றாள் அம்மா.

ஒரு வருஷம் பின்தங்கி, தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்து படித்தாள். எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். அந்த ஜூனில் அவள் அம்மா இளைய மகளையும் ஆறாம் வகுப்பில் சேர்க்க அழைத்து வந்தாள். படிவத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் வழி கேட்காமல் பள்ளியின் பின்பக்கம் நோக்கி நடந்தாள்.