நூல் கடிக்காத டெய்லர்

சங்கரன்கோவில் திருவேங்கடம் சாலையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே பிளவுஸ் தைக்கும் யோகலட்சுமிக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு: சுத்தமான டெய்லர். மற்றவர்கள் தையல் முடிந்ததும் நூலை வாயில் கவ்வி வெடுக்கென்று அறுப்பார்கள். இவள் கழுத்தில் தொங்கும் சின்னக் கத்தரியால் நறுக்குவாள். "என் துணியில அடுத்தவ எச்சி படக்கூடாது. அதுக்காகவே இங்கன வாரேன்" என்று ஞானபூரணம் டீச்சர் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி, இன்னும் பன்னிரண்டு டீச்சர்களைப் பிடித்துத் தந்திருந்தார்.

யோகலட்சுமியால் கடிக்க முடியாது என்பதுதான் அந்தச் சுத்தத்தின் ரகசியம். அவளுடைய மேல் முன்பற்களும் கீழ் முன்பற்களும் முளைத்த நாளிலிருந்து ஒன்றையொன்று தொட்டதில்லை. வாயை எவ்வளவு இறுக்கி மூடினாலும் நடுவில் ஒரு ஜன்னல் திறந்தே இருக்கும். நூல் அதற்குள் நுழைந்து, ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு, முழுசாக வெளியே வரும். பெண் பார்க்க வந்தபோது கொடுத்த முறுக்கை அவள் கடைசி வரை கையிலேயே வைத்திருந்தாள். "அடக்கமான பிள்ளை, வாயே திறக்கல" என்று மாப்பிள்ளை செல்வக்குமார் வீட்டில் சம்மதம் சொன்னார்கள். அந்த அபிப்பிராயத்தைக் கல்யாணத்துக்கு மறுநாள் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்.

முப்பத்துநாலு வயதில், கடிக்கிற பாரத்தையெல்லாம் சுமந்த கடைவாய்ப் பற்கள் தேய்ந்து தாடை வலிக்கத் தொடங்கியது. திருநெல்வேலி பல் டாக்டர் ஜெஸ்லின் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். கிளிப் போட்டு, கூடவே தாடையை ஆபரேஷன் செய்து ஏற்றி வைப்பது ஒன்று. எலும்பில் குட்டி ஸ்குரூ வைத்து, கிளிப்பாலேயே கடைவாய்ப் பற்களை மேலே ஏற்றி, முன்பற்களை நெருங்க வைத்துப் பார்ப்பது இன்னொன்று.

"உங்களுக்கு இடைவெளி கொஞ்சந்தான். ஒரு வருஷம் ரெண்டாவது வழியில போவோம். அப்புறம் ஆபரேஷன் வேணுமா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க."

அந்த ஒரு வருஷமும் சங்கரன்கோவில் அவளுக்காக ஓயாமல் முடிவு செய்தது. ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவர் எல்லாரும் தாடை நிபுணர் ஆனார்கள். "எங்க சித்தப்பா மகளுக்கு இதே ஆபரேஷன்தான், நாலே நாள்ல எந்திச்சிட்டா" என்று ஒருத்தி தைரியம் சொன்னாள். நன்றாக விசாரித்ததில் அது குடல்வால். நாத்தனார் முத்துமாரியின் கவலை வேறு.

"மைனி, மொகம் மாறிட்டுன்னா ஆதார் கார்டு என்ன ஆவும்? ரேஷன் கடையில நீங்க யாருன்னு கேட்டாம்னா?"

"உன்னையக் கூட்டிட்டுப் போறேன், சாட்சிக்கு."

செல்வக்குமார் மட்டும் சுற்றி வளைத்துக் கேட்டார்.

"ஆபரேஷன் பண்ணா கொஞ்ச நாளைக்கி வெறும் கஞ்சிதானாம். வாயவே தெறக்கக் கூடாதாம்லா?"

"அம்புட்டு ஆசையா உங்களுக்கு?"

"ஏட்டி, நான் கஞ்சியச் சொன்னேன்."

சிரித்தாலும் யோகலட்சுமிக்கு உள்ளே உதறல்தான். மயக்க ஊசி போட்டுப் படுத்தால் எழுந்திருப்போமா? எழுந்து கண்ணாடி பார்த்தால் அதில் இருப்பது நாம்தானா? வேண்டாமென்றால், ஆயுசுக்கும் இந்த வலியும் ஜன்னலுமா? அவள் ஆசைப்பட்டது அழகுக்கு இல்லை. வலிக்காமல் ஒரு பொருளை நேருக்கு நேர் கடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வருஷம் முடிந்து நாற்காலியில் சாய்ந்தபோது டாக்டர் கேட்டார்.

"வலி எப்படி இருக்கு?"

"போயிட்டு டாக்டர்."

"முன்பல்லும் தொட ஆரம்பிச்சாச்சு. ஆபரேஷன் பண்ணா தாடை அமைப்பே சரியாகும், முகத்தோட நீளமும் குறையும். பண்ணலைன்னா முகம் இதேதான். பல்லு திரும்பக் கொஞ்சம் விலகவும் வாய்ப்பு உண்டு, நான் விடாம பாத்துக்கிட்டே இருக்கணும். இப்ப சொல்லுங்க."

யோகலட்சுமி கைப்பையைத் திறந்து, வீட்டிலிருந்தே ஒளித்துக் கொண்டுவந்த பச்சை நூல்கண்டை எடுத்தாள். ஒரு முழம் இழுத்து, முன்பல்லில் வைத்து, கண்ணை மூடிக் கடித்தாள்.

பட்.

நூல் இரண்டு துண்டாகக் கையில் இருந்தது. டாக்டர் அளவுகோலைக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்று எக்ஸ்ரே கவரைக் கசக்கிக்கொண்டிருந்த செல்வக்குமாரின் கை நின்றது.

"ஆபரேஷன் வேண்டாம் டாக்டர். மொகம் இருந்துட்டுப் போட்டும், பழகின மொகந்தான."

"எனக்கும் அதாம் டாக்டர்" என்றார் செல்வக்குமார், யாரும் கேட்காமலே. ஒரு வருஷமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை அங்கேதான் விட்டார். பஸ் சங்கரன்கோவில் வந்து சேர்வதற்குள் அவள் பல்லுக்குத் தப்பி அவர் சட்டையில் பிசிறு என்று ஒரு நூல் மிஞ்சவில்லை.

மறுநாள் ஞானபூரணம் டீச்சர் முன்னால் முதல் ஊக்கைத் தைத்து முடித்த யோகலட்சுமி, கத்தரியை மறந்து, டீச்சரின் பட்டு பிளவுஸைப் பல்லருகே கொண்டுபோய்க் கடித்துவிட்டாள்.

"யோகலட்சுமி! நீயுமா?"

"டீச்சர்... பொறந்ததுலேருந்து நான் பல்லால நூல் அறுக்கது இப்பதான். நேத்து டாக்டர் முன்னாலதான் மொதல் நூலு, தைக்கிற துணியில இதுதான் மொதல். ஆபரேஷன் இல்லன்னு ஆயிட்டு டீச்சர்!"

டீச்சர் நூல் நுனியைத் தூக்கிப் பார்த்தார். விடைத்தாளைப் பார்ப்பது மாதிரிதான் பார்த்தார். முகம் மெல்ல இளகியது.

"சுத்தமாத்தான் அறுந்திருக்கு. சரி, இது உன் பல்லுக்குப் போட்டும். மத்த ஆறு ஊக்குக்கும் கத்தரிதான், சொல்லிட்டேன்."

"சரி டீச்சர்."

கத்தரியை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். மீதி ஆறையும் கத்தரியாலேயே முடித்துக் கொடுத்து, டீச்சர் தெரு திரும்பும் வரை பொறுத்திருந்தாள். அப்புறம் வெட்டுத்துணிக் கூடையில் கிடந்த, யாருக்கும் பயன்படாத நூல் ஒன்றை எடுத்து இரண்டாகக் கடித்தாள். பிறகு நாலாக.