கப்பல் படத்துக்கு நாற்பது வயது

நாற்பதாவது ஆண்டு விசேஷப் படத்தின் பதினெட்டாவது நிமிடத்தில் இந்திரகுமார் போனைத் தலையணையில் குப்புறப் போட்டுவிட்டு, "செத்தவன எழுப்பிக் கொண்டாந்துட்டானுங்க, வெக்கங்கெட்ட பயலுக" என்றான். காதில் வயர் செருகியிருந்ததால் எவ்வளவு சத்தமாகச் சொன்னோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. லயத்து வரிசை வீடுகளின் நடுச்சுவர் கூரைவரை போவதில்லை. ஒரு வீட்டில் பிள்ளை தும்மினால் அடுத்த வீட்டில் நூறு சொல்லுவார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் தங்கம்மா அக்கா தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

"யாரு தம்பி எழுந்து வந்தது?"

அவன் போனை எடுத்துத் தலையணைக்கு அடியில் தள்ளினான்.

"டோவனா?"

வெளியே மழை. ரப்பர் மரத்தில் ஈரம் இருந்தால் பால் வெட்ட முடியாது. மூன்று நாளாக வெட்டும் இல்லை, கூலிக்குப் பேர் போடுவதும் இல்லை. ஓடிப் போய் ஒளிந்துகொள்ள வேலை மலையும் இல்லை.

இந்திரகுமாருக்கு நாற்பத்து நாலு வயது. ருவான்வெல்லைக் கடைத்தெருவிலிருந்து மூன்று மைல்கட்டை மேலே உள்ள தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். விடியப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்குப் போய், முன்னூறு மரத்தில் கத்தி போட்டு, சிரட்டையில் வடிந்ததை வாளியில் சேர்த்து ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்தால் அவனுடைய பேச்சும் அன்றைக்கு அத்தோடு சரி. சங்கக் கூட்டத்தில் கடைசி வரிசை. கல்யாண வீட்டில் சாம்பார் வாளி. ஆனால் யாராவது வாய் தவறிக் கப்பல் படத்தைப் பற்றிக் கேட்டுவிட்டால் அவன் வேறு ஆள்.

இங்கிலீஷில் அந்தத் தொடருக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. லயத்தில் அதை யாரும் சொன்னதில்லை. வீடு திரும்ப வழி தெரியாத ஒரு விண்கப்பல், நட்சத்திரம் நட்சத்திரமாக அலையும். அவ்வளவுதான் கதை. அது போதாதென்று ஆண்டு நிறைவு வரும்போதெல்லாம் ஒரு விசேஷப் படம் எடுப்பார்கள். அவற்றின் மேல் அவனுக்கு இருந்த அருவருப்பைக் கடைத்தெருவில் போன் கடை வைத்திருக்கும் நிஸார் நானாதான் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருபதாவது வருசத்துக்குப் பழைய கப்டன் மூணு பேரையும் ஒரே கப்பல் தட்டுல நிப்பாட்டினான், நானா. மூணு கங்காணி நிக்கிற மலையில எவனாச்சும் வேலை பார்த்திருக்கானா? முப்பதாவதுல இரும்பு மூஞ்சிக்காரன். அவனுக்குப் பயந்து ஒரு வருசம் நான் தனியா கக்கூசுக்குப் போகல. அவனைக் கொண்டுபோய்க் கல்யாண வீட்டுல உக்கார வச்சு ஐஸ்கிரீம் குடுக்குறான்."

"சந்தோசத்துக்குச் செய்றதுதானே, இந்திரன்."

"யாரோட சந்தோசத்துக்கு? கடைசில ஒருத்தன் நம்மள நேரா பாத்து, இத்தன வருசம் கூட வந்தீங்களே, நன்றிங்கிறான். நான் அவன் கூடவா வந்தேன்?"

தோட்டத்துக்கு நூறு வருடம் நிறைந்தபோது ரோட்டுக்குத் தெரிகிற சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்து, ஆளுக்கொரு பணிஸ் ரொட்டி கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். விசேஷப் படம் என்றால் அவனுக்கு அந்தப் பணிஸின் ருசிதான் நாக்கில் வரும்.

இந்த முறை போனிலும் பென் டிரைவிலும் ஏற்றிக் கொடுக்கும்போதே நிஸார் சொல்லிவிட்டார். "இதுல டோவன் வாறான். மௌத்தாகல்லயாம். நல்லம்தானே?"

நல்லதில்லை. ஏன் நல்லதில்லை என்பதை மட்டும் அவன் நிஸாரிடமும் சொன்னதில்லை.

அவனுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது லயத்தில் ஒரே ஒரு கறுப்பு வெள்ளை டிவி. கரண்டு வராத காலம், கார் பெட்டரியில் ஓடும். படத்துக்குக் கீழே சிங்கள எழுத்து வரும். லயத்துப் பெரியவர்கள் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனதால் இந்திரகுமார் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தான். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் டிவிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஓடுகிற எழுத்தைத் தமிழில் சத்தமாகச் சொல்லவேண்டும். முப்பது பேர் கேட்பார்கள். கப்டனும் அவன்தான், இரும்பு மூஞ்சிக்காரனும் அவன்தான்.

டோவன் கப்பலின் அடித்தட்டில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவன். மற்றவர்கள் பொத்தானை அமுக்குவார்கள். கையில் கறை இருந்தது அவன் ஒருத்தனுக்குத்தான். லயம் அவனைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டது. ஒருநாள் எஞ்சின் அறை தீப்பிடித்தது. யாராவது உள்ளே நின்று நீலக் கதவைச் சாத்தினால்தான் கப்பல் தப்பும். டோவன் உள்ளே போனான். கதவில் கை வைத்தான். அந்த நேரம் பார்த்துப் பெட்டரி இறங்கியது. படம் நாலு பக்கமும் சுருங்கி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி, செத்தது.

"என்னடா சொன்னான் கடைசியா?" என்று முப்பது பேரும் கேட்டார்கள்.

தெரியாது என்று சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. "எழுத்து வந்துச்சு, பாத்துட்டேன்" என்றான். டோவனின் குரலில் சொன்னான்: "நான் திரும்பி வரமாட்டேன். எனக்காகக் கப்பல நிறுத்தி வைக்காதீங்க."

தங்கம்மா அக்கா கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. புருஷன் முத்துவேல் கொழும்புக்குக் கடை வேலைக்கு என்று போய் ஒன்றரை வருடம். கடிதம் இல்லை, ஆளும் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் தலை சீவி, மூன்று கட்டை இறங்கிப் போய், ருவான்வெல்லை பஸ் ஸ்டாண்டில் கடைசி கொழும்பு பஸ் காலியாகும்வரை நிற்பாள். அதற்கடுத்த சனிக்கிழமை அவள் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. தண்ணீர்ப் பீலியடியில் துணி துவைக்கும்போது ஒருதரம் சொன்னாள்: "அந்த மனுசனாச்சும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனான்."

இந்திரகுமாரும் அங்கே தண்ணீர் பிடிக்க வந்திருந்தான். தண்ணீர்க் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினான்.

முப்பது வருடத்துக்குமேல் கழித்துத்தான் போனில் அந்தப் பழைய காட்சியை முழுசாகப் பார்த்தான். டோவன் ஒன்றுமே சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் கதவைச் சாத்துகிறான். ரசிகனாகப் பார்த்தால் அதுதான் நல்ல காட்சி, அவன் ஒப்புக்கொள்வான். இப்போது இந்த நாற்பதாவது வருடத்துக்காரர்கள் டோவனை எழுப்புவதற்கு முன்னால் அந்தக் காட்சியைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கி, ஒரு நொடி விடாமல் திரும்பப் போட்டிருக்கிறார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் அசையாத வாய் தெரியும்.

மறுநாள் காலை தங்கம்மா அக்கா தன் பிளாஸ்டிக் கதிரையோடு வந்துவிட்டாள். வெற்றிலைப் பை மடியில்.

"போடு பாப்போம்."

"குப்பக்கா. பாத்தா மூணு நாளைக்குச் சோறு எறங்காது."

"எனக்கு எறங்கும். போடு."

"பென் டிரைவ் எங்கயோ..."

"டிவி பொட்டியிலதான் சொருகியிருக்குங்க" என்றாள் அவன் மனைவி கோகிலா, அடுப்படியிலிருந்து. "ராத்திரி பூரா திட்டிக்கிட்டே பாத்தீங்க, இப்ப அக்காவுக்கு மட்டும் இல்லையாக்கும்?"

அவன் ரிமோட்டைக் கையில் இறுக்கிக்கொண்டான். நீலக் கதவு வந்ததும் தள்ளிவிடுவது என்று தீர்மானம். படம் ஓடியது. கீழே வந்த சிங்கள எழுத்தை அவன் தமிழில் வாசித்தான். கப்டன்கள் ஒருவரையொருவர் கிண்டல் பண்ணினார்கள். ரோபோ பிறந்தநாள் தொப்பி போட்டிருந்தது.

"இதென்ன, சுடுதண்ணிக் கேத்தலுக்குக் குல்லா?" என்றாள் அக்கா.

"இன்னும் இருக்கு, பாருங்க."

பதினேழாவது நிமிடம் நீலக் கதவு வந்தது. போனில் விரலளவு பார்த்ததுதான். இப்போது சுவரளவு. அது நீலம் என்பதே அன்றைக்கு லயத்தில் யாருக்கும் தெரியாது. டோவன் நடந்து வந்தான், கை முழுக்கக் கறை. கதவில் கை வைத்தான். படம் சுருங்கவில்லை. புள்ளி ஆகவில்லை. இந்திரகுமாருக்கு மறுபடி பன்னிரண்டு வயது. ரிமோட் கையில் இருந்ததே ஞாபகம் இல்லை.

டோவன் கப்டனைப் பார்த்தான். கப்டன் டோவனைப் பார்த்தான். கதவு சாத்திக்கொண்டது.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் மட்டும்.

"வாயே தொறக்கல" என்றாள் தங்கம்மா அக்கா.

"இல்லக்கா."

"எழுத்தும் வரல."

"வரல."

"அப்ப அது?"

"பெட்டரி எறங்கிருச்சுக்கா. நானா சொன்னேன்."

அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அங்கே வேறு ஒரு கதவு திறந்து, தலை நரைத்த டோவன் சிரித்துக்கொண்டே வந்தான். புதுச் சட்டை. கை சுத்தமாக இருந்தது. இத்தனை காலம் எங்கே இருந்தாய் என்று யாரோ கேட்டார்கள். இந்திரகுமார் வாசிப்பதை நிறுத்தினான்.

"வாசி" என்றாள் அக்கா.

"பக்கத்துக் கிரகத்துலதான் இருந்தேன். நீங்க கூப்பிடுவீங்கன்னு பாத்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கேக் வந்தது. அக்கா எழுந்து, கதிரையைத் தூக்கிக்கொண்டு, மழையில் நனைந்தபடி தன் வீட்டுக்குப் போனாள். கோகிலா கொண்டுவந்த தேத்தண்ணி ஆறியது.

"என்னங்க பண்ணுனீங்க?" என்றாள் கோகிலா. அவன் சொன்னான். அவள் நடுச்சுவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மெதுவாச் சொல்லுங்க" என்றாள், பழக்கத்தில்.

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மூன்று நாளைக்கு இல்லை. தேங்காய் துருவுவதுகூடக் கேட்கவில்லை. அவன் தும்மினான், இருமினான், போனைக் கீழே போட்டான். அவள் தொண்டையைக் கூடச் செருமவில்லை. சொல்லாமல் போன ஒருத்தனுக்காக அவள் நிறுத்திய காத்திருப்பை, தான் மறுபடி ஆரம்பித்து வைத்துவிட்டோமோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது. சனிக்கிழமை வேறு வந்தது. சாயந்தரம் முழுக்க வாசலில் உட்கார்ந்து அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வெளியே வரவில்லை.

திங்கட்கிழமை வானம் வெளுத்திருந்தது. மரங்கள் காய்ந்திருந்தன. பெரட்டில் கங்காணி பேர் கூப்பிட்டு முடித்ததும் தங்கம்மா அக்கா வாளியோடு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவன் அவளுடைய கத்தியைப் பார்த்தான்.

"சனிக்கெழம தல சீவிட்டேன், தம்பி" என்றாள். "செருப்பும் போட்டுட்டேன்."

"அக்கா..."

"அப்புறம் நெனச்சுப் பாத்தேன். முத்துவேலு பஸ்ஸ விட்டு எறங்கி, பக்கத்துலதான் இருந்தேன், நீ கூப்பிடலையேன்னு இளிச்சா நான் என்ன செய்றது? செருப்பக் கழட்டிட்டேன்."

அவன் கத்தியிலிருந்து கண்ணை எடுத்து அவள் காலைப் பார்த்தான்.

"நீ சொன்னதுதான் டோவன். இவன் எவனோ." அவள் வாளியைத் தோளில் மாட்டினாள். இரண்டு எட்டு வைத்துத் திரும்பினாள். "அந்த ஆளு கேக்கு தின்னானா?"

"தின்னான்க்கா. ரெண்டு துண்டு."

அவள் வெற்றிலைச் சாற்றை முதல் மரத்தடியில் துப்பினாள். "தூ" என்றாள். பிறகு அந்த மரத்திலேயே கத்தி போட்டாள்.