கிடுகுக்குக் கீழே இருந்த தகரம்

செய்மதிப் படத்தில் வீடு எண்ணும் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது சிலாவத்துறைக் கதையைத்தான்.

யுத்தம் முடிந்த மீள்குடியேற்றக் காலம். குடிதண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தீர்மானிக்க, படத்தைப் பார்த்துக் கூரைகளை எண்ணிக் கொடுப்பது மன்னாரில் எங்கள் கந்தோரின் வேலை. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வெளிச்ச எண் உண்டு. ஓர் எண்ணை எல்லையாக வைத்தால் அதற்கு மேலே கூரை, கீழே மண். அதுதான் திரெஷோல்ட். அதை நாங்கள் கையால் வைக்கவில்லை. புரோகிராம் எல்லா எண்ணையும் போட்டுப் பார்த்து, இரண்டு கூட்டத்தையும் ஆக நன்றாகப் பிரிக்கிற எண்ணைத் தானே எடுத்தது. உதவியாகக் கொடுத்த புதுத் தகரங்கள் பளிச்சென்று விழுந்தன. எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

சிலாவத்துறைக்குச் சரிபார்க்கப் போனேன், அந்தச் சந்தோசம் எல்லாம் போயிற்று. படத்தில் வெறும் மண்ணாக இருந்த இடத்தில் ஒரு குடியிருப்பே இருந்தது. வெக்கை தாங்காமல் தகரத்துக்கு மேல் பின்னிய தென்னோலைக் கிடுகு வேய்ந்திருந்தார்கள். காய்ந்த கிடுகு படத்தில் மண்ணைவிடக் கொஞ்சம்தான் வெளிச்சம், ஒற்றை எல்லைக்கு இரண்டும் மண்தான்.

இரண்டு எல்லை வைத்தால் கிடுகையும் பிடிக்கலாம் என்று கந்தோர்ப் பெரியவரிடம் கெஞ்சினேன். அவர் கதிரையை விட்டு அசையவில்லை.

"கொம்பியூட்டர் ஆகத் திறமான நம்பரைத் தந்திருக்கு. நீர் ஏன் அதில கை வைக்கிறீர்? அடுத்த படம் வரட்டும், பாப்பம்."

அந்தக் குடியிருப்பைக் குழாய் விட்டுவிட்டுப் போனது. அங்கே பவுசர் லொறி கொண்டுவந்த தண்ணீருக்கு வரிசையில் நின்ற பரீதா ராத்தா காரணம் கேட்டார். கிடுகு கிடந்தால் வீடு படத்தில் விழாது என்று உள்ளதைச் சொன்னேன். அடுத்த படம் எப்போது என்றார். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

கோடை முடிய வந்த படத்தில் அந்த இடம் முழுக்கப் பளபளத்தது. முறையில் பிழையில்லை என்று பெரியவருக்கு ஒரே புளுகம், வாய் நிறையச் சிரிப்பு. ராத்தாவிடம் நான் சொன்னது நினைவுக்கு வந்தது. உடனே போனேன். கிடுகெல்லாம் வேலியோரம் அடுக்கிக் கிடந்தது. கோடை முழுக்க வெறுந்தகரத்துக்குக் கீழேதான் இருந்திருக்கிறார்கள். ராத்தாவின் பேரப்பிள்ளைக்கு முதுகு நிறைய வேர்க்குரு, அழுது அழுது தொண்டை அடைத்திருந்தது.

"படம் எடுத்தாச்சா தம்பி? இனிக் கிடுகைப் போடலாமா?"

ஓம் என்றேன். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

பிறகு குழாய் வந்தது. ஆனாலும் மாற்றவேண்டியிருந்தது எங்கள் எண்ணைத்தான், அவர்கள் கூரையை அல்ல. அந்தப் பிள்ளையின் அழுகை இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. புரோகிராம் எந்த எண்ணைத் தந்தாலும் தரட்டும். அதை எழுதி வைக்க முதல், அந்த வீடுகளில் ஒன்றுக்குள் போய் ஒரு மத்தியானம் இருந்துவிட்டு வாருங்கள்.