ஹெலிக்கு ஓடியவர்

2006 ஒக்டோபர் 14, சனிக்கிழமை. அறுபத்தொரு வயதுத் தர்மலிங்கம் எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் தன் வீட்டிலிருந்து, சப்பாத்துக்கூடப் போடாமல் வெறும் காலுறையோடு வெளியே போனார். மனைவி உதயகுமாரி அப்போது குளித்துக்கொண்டிருந்தார். மறதிநோய் தர்மலிங்கத்தைப் பிடித்து இரண்டு வருடமாகியிருந்தது. மாடிவீடுகளுக்குப் பின்னால் சின்ன விளையாட்டுத் திடல். அதைத் தாண்டினால் காடு.

ஊரில் அவர் பருத்தித்துறை பஸ்சில் கொண்டக்டர். நோர்வேக்கு வந்து அல்னாபுரு சரக்குக் கிடங்கில் பெட்டி ஏற்றினார். ஆனாலும் பழைய உத்தியோகம் விட்டுப்போகவில்லை. தேபான என்கிற நகர ரயிலில் வாசலை மறித்து நிற்கும் நோர்வேஜியர்களிடம், "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ" என்று தமிழிலேயே சொல்வார். அவர்களும் நகர்வார்கள். மகள் சுஜானி வெட்கத்தில் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவாள்.

பொலிஸார் விரைவாகவே வந்தார்கள். இரண்டு ரோந்துக் கார்கள், ஒரு மோப்பநாய், தொண்டர்கள் சிலர். தலைக்கு மேலே ஹெலிகொப்டர். பொலிஸுக்கென்று இங்கே அது வந்து மூன்று வருடம்தான். உடற்சூட்டைக் காட்டும் கமரா அதில் உண்டு. குளிர்ந்த காட்டில் மனிதர் வெள்ளைப் புள்ளியாகத் தெரிவார். மேலே இருப்பவர்கள் இடத்தைச் சொல்ல, கீழே இருப்பவர்கள் நடந்துபோய்ப் பார்ப்பார்கள். பாறைக்குக் கீழே இருப்பது மட்டும் அந்தக் கமராவுக்குத் தெரியாது. இரவு உறைபனி என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. அதற்குள் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

உதயகுமாரிக்கு அந்த இரைச்சலே ஆறுதலாக இருந்தது.

"ஹெலியே விட்டிருக்கினம், பாருமன்! ஊரிலை எண்டால் எங்களைத் தேடி ஆர் ஹெலி விடுறது?" என்றார் பக்கத்து வீட்டு விமலாதேவியிடம்.

"ஓம் அக்கா. உங்கடை அவர் அதிலை ஏறி டிக்கெட் கிழிக்கப் போறார், இருந்து பாருங்கோ."

இருவரும் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் பொலிஸ்காரி ஒருவர் வந்து கேட்டார். எல்வோகா ஏரிப் பக்கம், மரங்களுக்கு இடையே ஒரு கணம், புள்ளி ஒன்று தெரிந்திருக்கிறது. வேகமாக ஓடுகிறது. உங்கள் கணவர் ஓடுவாரா?

இல்லை என்றார் உதயகுமாரி. அவருக்கு முழங்கால் வருத்தம். கண்ணுக்கு முன்னால் ரயில் வெளிக்கிட்டாலும் ஓடமாட்டார். பொலிஸ்காரி அதை மேலே அறிவித்தார். அப்படியானால் அது காட்டுமானாக இருக்கும் என்று ஹெலிகொப்டர் தெற்கே திரும்பியது.

சுஜானி லில்லெஸ்ட்ரோமில் வேலை முடிந்து வந்தபோது வெளிச்சம் குறையத் தொடங்கியிருந்தது. தாய் சொன்னதைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

"அம்மா, அது அப்பாதான்."

"உனக்கென்ன விசரே? அந்த மனிசன் ஓடுமே?"

"ஹெலிக்கு ஓடுவார்."

உதயகுமாரி அப்படியே படியில் இருந்துவிட்டார்.

1986இல், ஊரில் சண்டை நடந்த காலம், தர்மலிங்கத்தின் பஸ்சுக்கு மேலே இராணுவ ஹெலி ஒன்று தாழப் பறந்து சுட்டது. டிக்கெட் பையை எறிந்துவிட்டு அத்தனை பயணிகளையும் வீதிக்குக் கீழே இருந்த மதகுக்குள் இறக்கியவர் அவர்தான். அசையவேண்டாம், மேலே பார்க்கவேண்டாம் என்று அதட்டிக்கொண்டே இருந்தாராம். சத்தம் ஓய்ந்து வெகுநேரமாகியும் ஒருவரையும் வெளியே விடவில்லை. ஒருவருக்கும் காயமில்லை. அந்தப் பயணிகளில் ஒருத்தி உதயகுமாரி.

சுஜானி சொன்னதும் பொலிஸ்காரி ஹெலிகொப்டரை உடனே விலகச் சொன்னார். தேடுபவர்கள் ஏரிக்கு விரைந்தார்கள். மழை பிடித்துக்கொண்டதால் நாய்க்கு மோப்பம் கிடைக்கவில்லை. "இஞ்சையப்பா! ஹெலி போயிட்டுது! வெளியிலை வாங்கோ!" என்று உதயகுமாரி குரல் கட்டும்வரை கத்தினார். பிறகு தொண்டர்கள் அவரிடம் கேட்டுப் பழகி, "ஹெலி போயிட்டுது, ஹெலி போயிட்டுது" என்று உடைந்த தமிழில் கூப்பிட்டுக்கொண்டு காட்டுக்குள் போனார்கள்.

ஞாயிறு காலை கண்டுபிடித்தார்கள். சரிந்த பாறை ஒன்றின் அடியில் குப்புறப் படுத்திருந்தார். முறிந்த கிளைகளை இழுத்து முதுகுக்கு மேலே போட்டிருந்தார். குளிரில் உயிர் போயிருந்தது. மேலேயிருந்து பார்த்தால் எதுவும் தெரியாத இடம் அது என்று பொலிஸ்காரி சொன்னார்.

"அவர் ஓடமாட்டார் எண்டு நான்தானே சொன்னனான்" என்பதைத் தவிர உதயகுமாரி இதுவரை வேறொன்றும் கதைக்கவில்லை.

தகனம் வருகிற வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அல்ஃபாசெட் மயானத்தில் நடக்கும்.