பத்துக்கு நாலு வாங்கிய அட்டை

ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது குணரத்தினம் அண்ணையின் மனைவி ராணி அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. "வசந்தி, உம்மட அண்ணை போயிட்டார்" என்றார். காலையில் தேநீர் கேட்டிருக்கிறார்; கொண்டுவருவதற்குள் கதிரையிலேயே முடிந்துவிட்டது. கையிலிருந்த கத்தரிக்காயைத் திருப்பி, காம்படியில் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே வைத்தேன். எதையும் திருப்பிப் பார்க்காமல் எடுக்காதே என்று பதினொரு வருடமாக எனக்குச் சொன்ன மனிதர்தான் போய்விட்டார் என்பது அதன் பிறகே உறைத்தது.

கிடங்கில் எங்களோடு வேலைசெய்த உங்களுக்குக் குணரத்தினம் அண்ணையை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகத்திலிருந்து வரும் சரக்கில் அடிபட்ட பெட்டிகளைப் பிரித்து எடுப்பது அவருடைய வேலை. அவர் சொல்வதைக் கணினியில் பதிவது என்னுடையது. இருவர் வீடும் பியர்பொன்ட்ஸில், இரண்டு தெரு இடைவெளியில். பஸ்ஸை நம்பினால் விடியுமுன் வெளிக்கிட வேண்டும் என்பதால் அவருடைய காரிலேயே போய்வந்தேன். "முகப்பைப் பாக்காதையும் தங்கச்சி, மூலையைப் பாரும்" என்பார். பெட்டிக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும் அதே பார்வைதான். என் மகனின் கலியாண அழைப்பிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தபோதும் மாப்பிள்ளை பெண் பெயரை வாசிக்க முன்னர் அதன் மூலையைத் தடவினார். எனக்கு வந்ததே கோபம்.

கிடங்கிலிருந்து ஓய்வுபெற்றுப் போன கியூபெக்காரர் ஒருவர் அவருக்குச் சப்பாத்துப் பெட்டி நிறையப் பழைய பேஸ்போல் அட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். இந்த நகரத்தில் முன்பு இருந்த அணியின் ஆட்டக்காரர்கள் படம் போட்ட அட்டைகள். அண்ணையோ கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர். "அடிச்சுப்போட்டு மட்டையை எறிஞ்சிட்டு ஓடுறான், இவனுக்கு வெக்கமில்லையோ?" என்று கேட்டவர். ஓர் ஆட்டத்தைக்கூட முடியும்வரை இருந்து பார்த்ததில்லை. ஆனால் அட்டைகளுக்கு மூலைகள் இருந்தன. அவருக்கு அது போதுமாக இருந்தது.

அவருடைய மகள் கைத்தொலைபேசியில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். அட்டையைப் படம் எடுத்தால், படம் நடுவில் நிற்கிறதா, மூலை எப்படி, விளிம்பு எப்படி, மேற்பரப்பு எப்படி என்று பார்த்து, பத்துக்கு எத்தனை என்று அது சொல்லும். தன் வேலைக்கு யாரோ போட்டிக்கு வந்துவிட்டதுபோல அண்ணை அதோடு மல்லுக்கட்டினார். முதலில் தான் பார்த்து ஓர் எண்ணைச் சத்தமாகச் சொல்வார், பிறகுதான் படம் எடுப்பார். ஒத்துவந்தால் "உதுக்கும் கண் இருக்கு" என்பார். ஒத்துவராவிட்டால் வெளிச்சத்தில் குற்றம் கண்டுபிடிப்பார்.

நீலத் தொப்பி போட்ட இளம் ஆட்டக்காரன் ஒருவனின் அட்டைக்கு அவர் பத்துப் போட்டிருந்தார். செயலி சமையலறை விளக்கில் எட்டு என்றது, குளியலறையில் எட்டரை. ஒரு மாசி மாதக் காலை எனக்கு அழைப்பு: "தங்கச்சி, உடன வாரும்." யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று குளிர்ச்சட்டையைக்கூடப் பூட்டாமல் பனிக்குள் ஓடினேன். அண்ணை யன்னலடியில் நின்றார். வெளியே கொட்டிக் கிடந்த பனியின் வெளிச்சம் மேசை முழுவதும் பரவியிருந்தது. கைத்தொலைபேசியை என் முன்னால் நீட்டினார். பத்து! ராணி அக்கா உள்ளே கேசரி கிண்டிக்கொண்டிருந்தார்.

அந்த அட்டையை அமெரிக்காவில் தரம் பார்க்கும் இடத்துக்கு அனுப்பி, முத்திரையோடு பத்து வாங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. விற்பதற்கல்ல. "பள்ளிக்கூடத்திலயும் சரி, இந்த நாட்டுக்கு வந்தும் சரி, ஆரும் எனக்குப் பத்துக்குப் பத்துப் போடேல்ல. ஒருக்காப் போடட்டுமன்" என்றார். கோடை முழுவதும் யோசித்தார். நவராத்திரி வந்தபோது முடிவெடுத்தார்: எங்கள் வீட்டுச் சரசுவதி பூசையில் புத்தகங்களோடு வைத்து எடுத்து, அதன் பிறகு அனுப்புவது.

நான் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தேன். கணவரின் மடிக்கணினி, கார்த் திறப்பு, என் தையல் மெஷின் என்று வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தேன். அண்ணையின் அட்டை மெல்லிய உறைக்குள் இருந்தது. பிளாஸ்டிக்குக்குப் பொட்டு வைத்து என்ன புண்ணியம்? அட்டையை வெளியே எடுத்து, அந்த நீலத் தொப்பியின் நடுவில் வடிவாக ஒரு பொட்டு வைத்தேன். கொஞ்சம் எட்ட நின்று பார்த்தபோது பெருமையாகவும் இருந்தது.

அடுத்த நாள் அண்ணை வந்து பார்த்தார். கைத்தொலைபேசியை எடுத்துப் படம் பிடித்தார். மேற்பரப்பில் கறை; பத்துக்கு நாலு. அட்டையை உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஊற்றி வைத்த தேநீரைத் தொடவும் இல்லை.

மூன்று கிழமை காரில் வானொலிதான் பேசியது, அதுவும் பிரெஞ்சில். நான் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டேன். முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்வதுபோல "பரவாயில்லை" என்றார். இனிப் பஸ்ஸிலேயே போகலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு ஒருநாள் நெடுஞ்சாலையில் வாகனங்கள் அசையாமல் நின்றபோது அவராகவே வாயைத் திறந்தார்.

"நேற்றும் எடுத்துப் பாத்தனான். நாலுதான் காட்டுது."

"அண்ணை, நான் வேணுமெண்டு…"

"அழாதையும். உந்த ஆப் சைவமில்லைத் தங்கச்சி. அதுக்குப் பொட்டு விளங்காது."

பின்னால் நின்றவன் ஹோர்ன் அடிக்கும்வரை இருவரும் சிரித்தோம்.

ஆனாலும் ஒரு முள் எனக்குள் கிடந்தது. அதை இங்கே சொல்லத்தான் வேண்டும். அதற்குப் பிறகு அவர் அந்த அட்டையைத் உள்ளே தெரியும் தடித்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்றுக்குள் வைத்து, நாலு மூலையிலும் திருகாணி போட்டு இறுக்கிவிட்டார். ஒவ்வொரு வருடமும் பூசைக்குக் கொண்டுவருவார், அதே திருகாணிகளோடு. பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று தைக்கும். என்னதான் சிரித்தாலும் மனிதர் என் கையை நம்பவில்லை என்று நினைத்துக்கொள்வேன். வாய்விட்டுக் கேட்கவும் இல்லை. எனக்கும் ரோசம் இருக்கிறதுதானே. இனிக் கேட்பதற்கு அவர் இல்லை என்பதுதான் செத்த வீட்டில் என்னை அதிகமாக அழவைத்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து எல்லோரும் கிளம்பியபின் ராணி அக்கா அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "இது உமக்கு" என்றார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"நான் தொடக்கூடாது எண்டுதானே அக்கா, அண்ணை இப்பிடித் திருகி வைச்சவர்?"

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "உமக்கென்ன விசரே? சந்தனம் காய்ஞ்சு உதிரத் தொடங்கிட்டுது. மகள், துடைச்சு விடுறன் அப்பா, எட்டெண்டாலும் வரும் எண்டாள். மனுசன் விடேல்ல. பொட்டு விழாமல் இருக்கத்தான் பூட்டினவர்."

வீட்டுக்கு வந்து அதை யன்னலடியில் வைத்து, அவர் சொன்ன மாதிரி முதலில் மூலைகளைப் பார்த்தேன். நாலும் கூர். சந்தனம் வெளிறியிருக்கிறது, குங்குமம் இன்னும் சிவப்பு. அந்தச் செயலி என் கைத்தொலைபேசியிலும் இருக்கிறது, ஆனால் படம் எடுக்கத் தோன்றவில்லை. எதையும் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தோடு அண்ணையிடமிருந்து எனக்குக் கிடைத்திருப்பது இந்த அட்டை. வருகிற நவராத்திரிக்கும் அதைக் கும்பத்துக்கு முன்னால் வைப்பேன். திருகாணிகளைக் கழற்ற மாட்டேன். பொட்டு, பிளாஸ்டிக்குக்கு மேலேதான்.